விளம்பரம் பெயர் சொல்லாத பாகங்கள்

‘ஐ7 பிராசஸர், 16 ஜிபி ரேம், 1 டிபி எஸ்எஸ்டி, 8 ஜிபி கிராபிக்ஸ் கார்டு.’ தயாராகப் பொருத்தி விற்கப்படும் கேமிங் கம்ப்யூட்டர் எதை எடுத்துக்கொண்டாலும் விளம்பரத்தில் ஏறக்குறைய இந்த ஒரு வரிதான் இருக்கும். சென்னை ரிச்சி தெருக் கடை வாசலில் ஒட்டிய தாளிலும் இதுதான், இணைய அங்காடியிலும் இதுதான். ‘மணமகள் தேவை’ விளம்பரத்தில் மாப்பிள்ளையின் படிப்பையும் சம்பளத்தையும் மட்டும் போட்டு முடித்துக்கொள்வது போன்ற சிக்கனம். கேபினட்டுக்குள் இருப்பவையோ பிராசஸர், அதன் கூலர், மதர்போர்டு, ரேம், கிராபிக்ஸ் கார்டு, எஸ்எஸ்டி, எஸ்எம்பிஎஸ் (மின்வழங்கி), ஃபேன்கள் என்று நீள்கின்றன. பாதியைப் பற்றி விளம்பரம் வாயே திறப்பதில்லை; மீதிப் பாதியையும் அரைகுறையாகவே சொல்கிறது. நடுத்தர பட்ஜெட் என்பதை எண்பதாயிரத்திலிருந்து ஒன்றேகால் லட்சம் ரூபாய் வரை என்று வைத்துக்கொள்வோம். அவ்வளவு பணத்தைப் போடுகிறவர், விளம்பரம் எதைச் சொல்லாமல் விட்டதோ அதை வைத்துத்தான் அந்தப் பெட்டியை எடைபோட வேண்டும் என்பது என் கட்சி.

இது வெறும் சந்தேகப் புத்தி இல்லை. பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அகெர்லாஃப் 1970இல் பழைய கார் சந்தையை வைத்து எழுதிய ஒரு கட்டுரை இதைத்தான் விளக்கியது. அந்த ஆய்வுக்காக 2001இல் நோபல் பரிசையும் பகிர்ந்துகொண்டார். காரின் உண்மை நிலை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. ஆகவே வாங்குபவர் எந்தக் காருக்கும் நல்ல காரின் விலையைத் தரத் துணியமாட்டார். அந்த விலைக்குக் கட்டுப்படியாகாத நல்ல கார்க்காரர் சந்தையை விட்டே விலகுவார். மிஞ்சுவது மட்டமான சரக்கு. கேமிங் கம்ப்யூட்டருக்கும் இந்தக் கணக்கு அப்படியே பொருந்துகிறது. அடுத்தடுத்த இரண்டு கடைகளில் ஒருவர் மூவாயிரம் நாலாயிரம் கூடுதலாகப் போட்டு நல்ல எஸ்எம்பிஎஸ் வைக்கிறார், மற்றவர் கிடைத்ததை வைக்கிறார் என்று வையுங்கள். இருவரின் விளம்பர வரியும் ஒன்றேதான். விலை மட்டும் முதல் கடையில் அதிகம். வாடிக்கையாளர் எங்கே போவார் என்று சொல்ல வேண்டியதில்லை. அடுத்த மாதம் முதல் கடைக்காரரும், எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கைவைக்கத் தொடங்குவார். குறை கடைக்காரரின் குணத்தில் இல்லை, நாம் விலை ஒப்பிடும் விதத்தில் இருக்கிறது.

முதலில் பெயர் சொல்லப்பட்டவற்றையே பார்ப்போம். ‘ஐ7’ என்ற சொல்லுக்குத் தனியாக ஒரு பொருளும் கிடையாது. எந்தத் தலைமுறை என்று சேர்த்துச் சொன்னால்தான் பொருள். 2013இல் வந்த ஐ7 4770இல் நான்கு கோர்கள். 2022இல் வந்த ஐ3 12100இலும் நான்கு கோர்கள்; ஆனால் வேகத்தில் அந்தப் பழைய ஐ7ஐ இந்த ஐ3 எளிதாக முந்தும். விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்பது, சில விதிவிலக்குகள் தவிர, இன்டெலின் எட்டாம் தலைமுறையையும் அதற்குப் பிந்தையவற்றையும்தான். அலுவலகங்கள் கழித்துக்கட்டும் பழைய ஐ7 பெட்டிகள் வண்ண விளக்கு போட்ட புதுக் கேபினட்டில் குடியேறி ‘கேமிங் பிசி’ என்ற பெயரில் திரும்பி வருவதற்கு இதைவிட நல்ல காலம் வாய்க்காது. வேலரன்ட் விளையாடத்தான் வாங்குகிறார் என்றால் சிக்கல் இன்னும் நேரடியானது: விண்டோஸ் 11இல் அந்த விளையாட்டு, டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதியும் செக்யூர் பூட்டும் இல்லாத கணினியில் ஓட மறுத்துவிடும்.

கிராபிக்ஸ் கார்டு விஷயத்தில் ஏமாற்று இன்னும் நுட்பமானது, ஏனென்றால் பல வேளைகளில் அது சட்டப்படியே நடக்கிறது. ‘4 ஜிபி கிராபிக்ஸ்’ என்று எழுதிய பெட்டிக்குள் 2014ஆம் ஆண்டின் ஜிடி 730 இருக்கலாம். அதில் டிடிஆர்3 மெமரி பொருத்திய வகை நொடிக்கு 30 ஜிபி தரவைக்கூட நகர்த்தாது. 2025இல் வந்த ஆர்டிஎக்ஸ் 5060 நகர்த்துவது 448 ஜிபி. கொள்ளளவைச் சொல்லி வேகத்தை மறைப்பது இப்படி. அதைவிடத் தந்திரமானது ஒரே பெயரில் இரண்டு கார்டுகளை விடுவது. ஆர்டிஎக்ஸ் 3050 என்ற பெயரில் 2022இல் வந்ததற்கு 8 ஜிபி மெமரி, 2,560 கோர்கள், 128 பிட் பாதை. 2024இல் அதே பெயரில் வந்த 6 ஜிபி வகைக்கு 2,304 கோர்கள்தான், பாதையும் 96 பிட்தான். இரண்டாவதைப் பொருத்திவிட்டு ‘ஆர்டிஎக்ஸ் 3050’ என்று எழுதுகிற கடைக்காரர் பொய் சொல்லவில்லை. வாங்குபவர் வேறொன்றை நினைத்துக்கொள்ள விட்டுவிடுகிறார், அவ்வளவே. இதைத் தொடங்கிவைத்தது ரிச்சி தெரு அல்ல, கார்டைத் தயாரித்த என்விடியாதான் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இங்கே ஒருவர் குறுக்கிட்டு, ‘விளையாட்டுக்குக் கிராபிக்ஸ் கார்டுதானே எல்லாம்? அது சரியாக இருந்தால் மற்றதைப் பற்றி என்ன கவலை?’ என்று கேட்கலாம். பாதி சரியான கேள்வி. நொடிக்கு 60 படங்கள் திரையில் ஓட வேண்டுமானால் ஒவ்வொரு படத்துக்கும் கிடைக்கும் நேரம் 16.7 மில்லி நொடி. 144 படங்கள் வேண்டுமானால் 7 மில்லி நொடிக்கும் குறைவு. அதற்குள் பிராசஸர் எதிராளி எங்கே நிற்கிறான், குண்டு எங்கே பாய்கிறது என்று கணக்குப்போட்டு, வரைய வேண்டியவற்றின் பட்டியலைக் கொடுக்க வேண்டும். கிராபிக்ஸ் கார்டு அதை வாங்கிப் புள்ளி புள்ளியாக வரைய வேண்டும். 1080பி திரையில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள், 1440பி திரையில் சுமார் 36.9 லட்சம். புள்ளி கூடக்கூடச் சுமை கார்டின் தலையில் ஏறும். படங்களின் எண்ணிக்கை கூடக்கூடப் பிராசஸரின் தலையிலும் சேர்ந்தே ஏறும். ஆகவே 1440பி திரையில் கதை சார்ந்த பெரிய விளையாட்டுகளை ரசிக்க விரும்புகிறவர் பட்ஜெட்டின் பெரும்பங்கைக் கார்டில் போடுவது நியாயம். 1080பி திரையில் கவுன்டர் ஸ்ட்ரைக் 2ஐ நொடிக்கு 200 படங்களில் ஓட்ட நினைக்கிறவருக்கு அதே பங்கீடு வீண். எந்த மானிட்டரில் எதை விளையாடப் போகிறோம் என்று முடிவு செய்யாமல் கடைக்குப் போகிறவருக்கு யார் நல்ல ஆலோசனை சொன்னாலும் பயனில்லை.

கார்டில் போடும் பணமும் எதற்குப் போகிறது என்று பார்க்க வேண்டும். பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் இரண்டும் 2020 நவம்பரில் 16 ஜிபி பொது மெமரியோடு வந்தன. பெரிய விளையாட்டுகளைச் செய்பவர்கள் அந்த அளவை மனத்தில் வைத்தே செய்கிறார்கள். அதன் விளைவு 2023இல் வெளிப்பட்டது. ஹாக்வர்ட்ஸ் லெகசி, தி லாஸ்ட் ஆஃப் அஸ் முதல் பாகம் போன்றவை கணினிக்கு வந்தபோது, வேகத்தில் குறைவில்லாத 8 ஜிபி கார்டுகள் உயர்ந்த அமைப்புகளில் திக்கித் திணறின. கார்டின் மெமரி நிரம்பினால் மிச்சத் தரவைப் பிசிஐ எக்ஸ்பிரஸ் பாதை வழியாகக் கணினியின் ரேமிலிருந்து இழுத்துவர வேண்டும்; அந்தப் பாதை கார்டின் சொந்த மெமரியைவிடப் பல மடங்கு மெதுவானது. ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ 2025 ஏப்ரலில் ஒரே சிப்போடு இரண்டு வகையாக வந்தது: 8 ஜிபிக்கு 379 டாலர், 16 ஜிபிக்கு 429 டாலர். நடுத்தர பட்ஜெட்டில் கூடுதல் பணம் போடத் தகுந்த ஒரே இடத்தைக் காட்டச் சொன்னால் இந்த இடைவெளியைத்தான் காட்டுவேன். ‘ஏஐ படங்களைத் தானே உருவாக்கிக்கொள்ளும், மெமரி குறைந்தாலும் பரவாயில்லை’ என்று கடையில் சொல்வார்கள். இடைப்படங்களைச் செருகும் அந்த நுட்பம் திரையில் ஓட்டத்தை வழுவழுப்பாக்கும், உண்மைதான். ஆனால் அதற்கே மெமரி வேண்டும்; மவுஸை அழுத்தியதும் வரும் எதிர்வினையையும் அது வேகப்படுத்தாது.

இனி, பெயரே சொல்லப்படாதவை. ‘16 ஜிபி ரேம்’ என்பது ஒரே 16 ஜிபி தகடாக இருக்கலாம், இரண்டு 8 ஜிபி தகடுகளாகவும் இருக்கலாம். சாதாரண மதர்போர்டில் ரேமுக்கு இரண்டு பாதைகள். ஒரு தகடு போட்டால் ஒரு பாதை சும்மா கிடக்கும். 6000 வேக டிடிஆர்5 தகடு ஒன்று நொடிக்கு 48 ஜிபி தரும், இரண்டு சேர்ந்தால் 96. அதுவும் அந்த 6000 தானாக வந்துவிடாது. எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற அமைப்பை பயாஸில் யாராவது இயக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் தகடு 4800 போன்ற பொது வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும், வாங்கியவருக்கு ஆண்டுக்கணக்கில் தெரியவே தெரியாது. மதர்போர்டும் இதே போலத்தான். ஆர்டிஎக்ஸ் 5060 வகைக் கார்டுகள் 16 பிசிஐ எக்ஸ்பிரஸ் பாதைகளுக்குப் பதில் எட்டையே பயன்படுத்துகின்றன. புதிய பலகையில் இது பெரிய குறையில்லை. ஆனால் பிசிஐ எக்ஸ்பிரஸ் மூன்றாம் தலைமுறையோடு நின்றுவிட்ட ரைசன் 5 5500 போன்ற பிராசஸரோடு அதைக் கோத்துவிட்டால், நான்காம் தலைமுறையில் கிடைக்கும் அகலத்தில் பாதிதான் கிடைக்கும். 8 ஜிபி மெமரி நிரம்பி, ரேமிலிருந்து தரவு இழுக்க வேண்டிவரும் நேரத்தில்தான் இந்தக் குறுகல் உறைக்கும். தனித்தனியே பார்த்தால் சின்னச் சின்ன சிக்கனங்கள். ஒரே பெட்டிக்குள் சேரும்போது ஒன்றின் குறையை மற்றொன்று பெருக்குகிறது.

எஸ்எம்பிஎஸ் விஷயத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். மற்ற பாகங்களில் சிக்கனம் செய்தால் வேகம் குறையும், இதில் செய்தால் பெட்டியே போகலாம். பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் பசியாறுவது 12 வோல்ட் கம்பியில்தான். எஸ்எம்பிஎஸ்ஸின் பக்கவாட்டு அட்டையில் அந்தக் கம்பி எத்தனை ஆம்பியர் தரும் என்று அச்சிட்டிருக்கும். அதை 12ஆல் பெருக்கினால் உண்மை தெரிந்துவிடும். ‘450 வாட்’ என்று பெரிதாக எழுதிவிட்டு 12 வோல்ட்டில் 18 ஆம்பியர் என்று போட்டிருந்தால், பயன்படுவது 216 வாட்தான். ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ மட்டுமே 180 வாட் இழுக்கும். பிராசஸரும் மற்றவையும் சேர்ந்தால் முழுச் சுமையில் 300 வாட்டைத் தாண்டும்; கணப்பொழுது எழும்பல்கள் அதற்கும் மேல். நல்ல தயாரிப்பாளரின் 550 முதல் 650 வாட் வரை இந்த பட்ஜெட்டுக்குப் போதும். அதற்குமேல் வாட்டைக் கூட்டிச் சொல்லி விலை ஏற்றுவதில் அர்த்தமில்லை. ‘80 பிளஸ்’ முத்திரையைக் கண்டு நிம்மதியடைவதும் அவசரம்தான்: அது மின்சாரம் எவ்வளவு வீணாகாமல் மாறுகிறது என்பதைச் சொல்கிறதே தவிர, பாதுகாப்பைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. அமெரிக்காவில் 2021இல் கார்டுத் தட்டுப்பாட்டின்போது நியூஎக் தளம் கார்டுகளோடு கட்டி விற்றவற்றில் கிகாபைட்டின் 750 வாட் எஸ்எம்பிஎஸ்ஸும் ஒன்று. தங்க முத்திரை பெற்றது. சுமை மிகுந்தால் அது தன்னை அணைத்துக்கொள்ள வேண்டிய வரம்பு 120 முதல் 150 சதவீதம் வரை வைக்கப்பட்டிருந்தது. சோதனைகளில் அவை வெடித்த செய்திகள் பரவிய பிறகு, ஆகஸ்டில் அந்த நிறுவனம் வரம்பை 110 முதல் 120 சதவீதமாகக் குறைத்துவிட்டதாகவும், குறிப்பிட்ட வரிசை எண் கொண்டவற்றை மாற்றித் தருவதாகவும் அறிவித்தது. கட்டி விற்கப்படும் பொருளில் எதன் தலையில் எது ஏற்றப்படுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

வெப்பம் பற்றி நீட்ட வேண்டியதில்லை. உள்ளே இருக்கும் பாகம் எதுவும் அறையைவிடக் குளிர்ச்சியாக இருக்க முடியாது; மேலைநாட்டு ஆய்வகத்தில் 21 டிகிரி அறையில் எடுத்த அளவோடு, மே மாதத்து வேலூரில் 38 டிகிரி அறையில் 17 டிகிரியைக் கூட்டிக்கொள்ளுங்கள். கேபினட்டின் முன்பக்கம் முழுக் கண்ணாடியாக இருந்து, பக்கத்தில் காற்று புக வழியும் இல்லாவிட்டால், உள்ளே எத்தனை ஃபேன் மின்னினாலும் அலங்காரம்தான். வலைக்கம்பி முகப்பு அழகில் ஒரு மாற்றுக் குறைவு. வாங்க வேண்டியது அதைத்தான்.

‘இவ்வளவு தலைவலி எதற்கு? நல்ல பிராண்டாகப் பார்த்து வாங்கிவிட்டால் போதாதா?’ என்பது வலுவான மறுப்பு. அகெர்லாஃபே பிராண்டையும் வாரண்டியையும் இந்தச் சந்தை நோய்க்கு மருந்துகளாகக் குறிப்பிட்டிருக்கிறார். பெயரைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டிய நிறுவனம் வெடிக்கும் எஸ்எம்பிஎஸ் வைக்கத் தயங்கும். வீட்டுக்கே ஆளனுப்பிப் பழுதுபார்க்கும். சிறு ஊரில் இருப்பவருக்கும், கழற்றிப் பூட்டும் ஆர்வம் இல்லாதவருக்கும் அந்தச் சேவையின் மதிப்பு பெரியது. ஆனால் பிராண்டு இன்றைய பழுதிலிருந்துதான் காப்பாற்றும். நாலாண்டு கழித்து வரும் தேவைக்கு அது பெரும்பாலும் தடையாகிவிடும். இன்டெல் 1995இல் கொண்டுவந்த ஏடிஎக்ஸ் அளவுமுறையால்தான் எந்த நிறுவனத்து மதர்போர்டும் எந்தக் கேபினட்டிலும் உட்காருகிறது. டெல், எச்பி போன்றவற்றின் பல மாடல்கள் அந்த அளவைப் பின்பற்றுவதில்லை. மதர்போர்டின் வடிவம், எஸ்எம்பிஎஸ்ஸின் செருகி எல்லாம் அவர்களுக்கே உரியவை. புதுக் கார்டுக்குப் பெரிய எஸ்எம்பிஎஸ் தேவைப்பட்டால், அது பொருந்த மதர்போர்டை மாற்ற வேண்டும்; அது உட்காரக் கேபினட்டை மாற்ற வேண்டும். மாறாக, கடையில் பொதுவான பாகங்களால் அசெம்பிள் செய்த பெட்டியில் ஒவ்வொரு பாகத்துக்கும் அதன் தயாரிப்பாளரின் தனி வாரண்டி பெரும்பாலும் மூன்று ஆண்டோ அதற்கு மேலோ இருக்கும். அலைச்சல் மட்டும் நம்முடையது. எது மேல் என்பதற்குப் பொதுப்பதில் கிடையாது. பெட்டியை நாலாண்டில் தூக்கிக் கொடுத்துவிடப் போகிறவர் பிராண்டை வாங்கலாம், மாற்றி மாற்றி எட்டாண்டு ஓட்ட நினைப்பவர் வாங்கக் கூடாது.

எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஒரு மறுப்பு உண்டு: ‘பாகங்களை வாங்கி நீயே பூட்டிக்கொள், மிச்சமாகும்.’ விலைகள் அமைதியாக இருக்கும் காலத்தில் இது பெரும்பாலும் உண்மை. அமைதி குலையும்போது உண்மையில்லை. 2021இல் கிரிப்டோ நாணயம் தோண்டுவோர் கார்டுகளை அள்ளிக்கொண்டபோது, பல நாடுகளில் நியாய விலையில் கார்டு கிடைக்க ஒரே வழி முழுக் கம்ப்யூட்டரையே வாங்குவதாக இருந்தது. 2022இல் அந்த நெருக்கடி தணிந்தது; செப்டம்பரில் எத்தீரியம் நாணயம் கார்டுகளால் தோண்டும் முறையைக் கைவிட்டதும் அந்தத் தேவையே போயிற்று. 2025 இறுதியில் ஏஐ தரவு மையங்களின் பசியால் ரேம் விலை தாறுமாறாக ஏறியது. மைக்ரான் நிறுவனம் தன் ‘குரூஷல்’ நுகர்வோர் வணிகத்தையே விட்டு விலகுவதாக அந்த டிசம்பரில் அறிவித்தது. பழைய விலையில் சரக்கு வைத்திருக்கும் கடையின் தயார்ப் பெட்டி இத்தகைய நேரத்தில் மலிவாகவே விழும். ஆகவே வாங்கும் வாரத்தில் பாகங்களின் விலையைத் தனித்தனியே கூட்டிப் பார்த்துவிட்டு, தயார்ப் பெட்டியின் விலையோடு ஒப்பிடுவதைத் தவிர வேறு குறுக்குவழி இல்லை.

ஆனால் கூட்டிப் பார்க்கப் பெயர்கள் வேண்டுமே. பாமர வாங்குபவர் இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடிப்பார் என்ற கேள்விக்கும் பதில் இங்கேதான் இருக்கிறது. அவர் எதையும் கண்டுபிடிக்க வேண்டாம். பட்டியலைக் கேட்டால் போதும். மதர்போர்டு, எஸ்எம்பிஎஸ், ரேம், எஸ்எஸ்டி, கிராபிக்ஸ் கார்டு ஒவ்வொன்றுக்கும் தயாரிப்பாளர் பெயரும் மாடல் எண்ணும் எழுத்தில் தரச் சொல்ல வேண்டும். அதே பெயர்கள் வரிசை எண்ணோடு ஜிஎஸ்டி பில்லில் வரவேண்டும் என்று முன்பணத்துக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். பெயர் தெரிந்ததும் அதன் சோதனை முடிவுகளை எவரும் தேடிப் படித்துக்கொள்ளலாம். ‘எல்லாம் நல்ல கம்பெனிதான் சார்’ என்ற பதில் வந்தால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டலாம். இது கடைக்காரருக்கும் நல்லது: பட்டியல் கேட்கிறவர்கள் பெருகினால், நல்ல எஸ்எம்பிஎஸ் வைக்கிறவர் அதற்குரிய விலையைத் தயங்காமல் சொல்ல முடியும்.

பெட்டி வீட்டுக்கு வந்த அன்றே செய்ய வேண்டியவை சில. டாஸ்க் மேனேஜரைத் திறந்து மெமரி பக்கத்தில் வேகம் எவ்வளவு, எத்தனை இடங்களில் தகடு இருக்கிறது என்று பார்க்க வேண்டும். 4800 என்று காட்டினால் எக்ஸ்எம்பியை இயக்கித் தரக் கடைக்காரரிடமே கேட்கலாம், இரண்டு நிமிட வேலை. ஜிபியூ பக்கத்தில் கார்டின் பெயரும் மெமரியும் பில்லோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும். வீட்டில் ஏற்கெனவே இருக்கும் 600 விஏ யுபிஎஸ்ஸில் இதைச் செருகுவதற்கு முன் அதன் வாட் அளவையும் படித்துவிட வேண்டும்: பெரும்பாலும் 360 வாட்தான் இருக்கும். மானிட்டரும் அதில்தான் ஓடுகிறது என்றால், விளையாட்டு சூடுபிடிக்கிற நேரத்தில் கரன்ட் போனால் யுபிஎஸ்ஸும் கூடவே கைவிரித்துவிடலாம்; குறைந்தது 1000 விஏ வேண்டும், அதற்கான தொகையையும் முதல் நாளே பட்ஜெட்டில் ஒதுக்கிவிட வேண்டும்.